பத்மினிக்கு மின்விசிறி வைத்த கதை

இந்தப் பதிவில் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் இரண்டு மூன்று பேர் இன்னும் பழைய கார் வைத்திருக்கிறார்கள். "உங்க பத்மினி மட்டும் கொதிக்கறதே இல்லியே, என்ன செஞ்சீங்க?" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி சொல்லும்போதே பேச்சு அரசியலுக்குப் போய்விடுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். பழைய கார் இல்லாதவர்களும் படிக்கலாம், பரீட்சை ஒன்றும் கிடையாது.

என் வண்டி 1984ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. 1089 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட்டு. அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து 1996ல் வாங்கினேன். பெரியவன் பிரான்சிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, அதை எடைக்குப் போட்டுட்டு ஒரு சின்ன ஏ.சி. வண்டி வாங்கிக்குங்க" என்பான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நீள சீட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சில வருஷங்களாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். நாங்கள் இருப்பது முதலியார்பேட்டையில், மருத்துவமனையோ கோரிமேடு பக்கம். போகும்போது பரவாயில்லை. நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு வரும்போது உட்கார முடியாது, சாய்ந்துகொள்ள வேண்டும். புது வண்டிகளில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கியரும் கைபிரேக்கும் நிற்கின்றன. ஆட்டோவில் குலுங்கல் தாங்காது. பத்மினியின் முன்சீட்டில் ஒரு தலையணை போட்டு, கால்களைக் கொஞ்சம் என் பக்கம் நீட்டி, கதவில் சாய்ந்துகொண்டால் அவருக்கு வீட்டுக் கட்டில் மாதிரி. "தம்பி, இந்த வண்டிய மட்டும் வித்துடாதே" என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

வழி எப்படி என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட், பிறகு இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம். மூன்று இடத்திலும் நின்று நின்றுதான் போக வேண்டும். மே மாதம் பகல் ஒரு மணிக்கு, பின்னால் பத்து ஹாரன் அலற, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பினால் எப்படி இருக்கும்? அந்த வருஷம் இரண்டு தடவை அப்படி ஆனது. இரண்டாம் தடவை அக்காவை வெயிலில் இறக்கி ஒரு பெட்டிக்கடை நிழலில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே முடிவு செய்தேன்: ஒன்று கொதிப்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்மினி, அம்பாசடர் போன்ற வண்டிகளில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி, வாட்டர் பம்பின் மூக்கில் முடுக்கப்பட்டது. ஒரே பெல்ட் பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிறது. அதாவது எஞ்சின் எவ்வளவு வேகமோ, விசிறியும் அதற்கேற்ற வேகம். இதில் ஒரு கோணல் இருக்கிறது. திண்டிவனம் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், விசிறி தேவையில்லை. அப்போதுதான் அது படுவேகமாகச் சுற்றி எஞ்சினின் பலத்தைத் தின்கிறது. கேட்டில் நிற்கும்போது காற்றே கிடையாது, விசிறியை நம்பித்தான் எஞ்சின் இருக்கிறது. அப்போது எஞ்சின் நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்றில் முனகுகிறது, விசிறியும் கூடவே சோம்பலாகச் சுற்றுகிறது. தேவைப்படாதபோது உழைத்து, தேவைப்படும்போது உட்கார்ந்துவிடும் ஆட்களை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக்கு இதுவே சரியாக இருந்தது. சாலையில் கூட்டம் இல்லை, நிற்க வேண்டிய இடமும் இல்லை. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அதில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். முன்னால் பார்த்து நிற்கும் ரேடியேட்டருக்கு அதிலிருந்து நேராக ஒரு விசிறியை நீட்ட முடியாது. ஆகவே மின்சார மோட்டார் வைத்த விசிறிதான் வழி. மாருதி ஓட்டியவர்கள் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்த பிறகும் முன்னால் 'உய்ய்' என்று ஒரு சத்தம் கேட்டுப் பழகியிருப்பார்கள். அதைத்தான் என் வண்டிக்கும் வைப்பது என்று தீர்மானித்தேன்.

இந்த யோசனை எனக்குப் புதிதில்லை. பிரெஞ்சு வழிப் பள்ளியில் நாங்கள் படித்தபோது ஆசிரியர் ஒருவர் பெஜோ 404 வைத்திருந்தார். அந்த வண்டியில் பம்போடு எப்போதும் சுற்றாத விசிறி இருந்தது. தண்ணீர் சூடானால் ஒரு மின்காந்தம் பிடித்துக்கொண்டு விசிறியைச் சுற்ற வைக்கும், ஆறினால் விட்டுவிடும். "வந்திலாத்தேர் தெப்ரெயாப்ள்" என்று அவர் பெருமையாகச் சொல்வார். கழற்றிவிடக்கூடிய விசிறி என்று அர்த்தம். இயற்பியல் வகுப்பில் மின்காந்தம் நடத்திய அன்று எங்களை வெளியே அழைத்துப் போய், பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, விசிறி பிடித்துக்கொள்ளும் அந்தக் கணத்தைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பையன்கள் மூச்சுவிடாமல் நின்று பார்த்தோம். தேவைப்படும்போது மட்டும் சுற்றும் விசிறி என்பது என் மனதில் அப்போதே பதிந்துவிட்டது.

விசிறியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அடைத்துக்கொண்ட ரேடியேட்டருக்கு முன்னால் எத்தனை பெரிய விசிறி வைத்தாலும் பயனில்லை. எங்கள் ஊர் ரேடியேட்டர் பாய் மேல் டாங்கைக் கழற்றிக் காட்டியபோது குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு கட்டி மூடியிருந்தது. எல்லாம் போர் தண்ணீரின் உபயம். "சார், இதுக்கு ரத்தக் கொழாய் அடைப்பு" என்றார். மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, கழுவி, திரும்ப ஈயம் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் தவிர வேறு எதையும் நான் ஊற்றுவதில்லை.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். மூடி என்றால் வெறும் மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தைத் தாங்கும் வால்வு அது. அழுத்தம் இருந்தால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் தேய்ந்த மூடி அந்தச் சலுகையைப் பறித்துவிடும்.

தெர்மோஸ்டாட் கதை தனி. என் வண்டியில் அது இல்லவே இல்லை. வாங்குவதற்கு முன்பே எந்தப் பட்டறையிலோ "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இது நம் பட்டறைகளில் பரவிக் கிடக்கும் ஒரு வியாதி. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் சூடாக நேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோலையும் பிஸ்டனையும் தின்னும். மேலும் மின்விசிறிக்கு வைக்கும் வெப்ப சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்ய, தண்ணீரின் சூடு ஒரு நிலையில் நிற்க வேண்டும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டேன்.

விசிறிக்காகச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே போகாமல் பழைய கார் வைத்திருக்க முடியாது. மாருதி 800ன் விசிறியும் அதைச் சுற்றியுள்ள மூடாக்கும் சேர்த்தே கிடைத்தது. மூடாக்கு இல்லாமல் வாங்காதீர்கள். வெறும் விசிறியை வைத்தால் அதன் வட்டத்துக்கு நேராக இருக்கும் பகுதியில் மட்டுமே காற்று இழுக்கும், ரேடியேட்டரின் நாலு மூலையும் சும்மா கிடக்கும். கடைக்காரப் பையன் பாட்டரியில் தொட்டு ஓட்டிக் காட்டினான். கையோடு கொண்டுபோயிருந்த கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். கிளம்பும்போது முள் துள்ளியது, பிறகு 8 ஆம்பியரில் நின்றது. "ஐயா என்ன, மின்வாரியமா?" என்றான்.

பழைய இரும்பு விசிறியைக் கழற்றியதும் ரேடியேட்டருக்கும் பம்புக்கும் நடுவில் புது விசிறிக்கு இடம் கிடைத்தது. இங்கே இரண்டு விஷயம். விசிறியைத்தான் எடுக்கிறோம், பெல்ட்டை அல்ல. பம்பும் மின்சாரம் தரும் சாமானும் இன்னும் அந்தப் பெல்ட்டில்தான் ஓடுகின்றன. விசிறியின் தடிமன் போய்விட்டதால் பழைய போல்ட் நீளமாகிவிடும், நீளம் குறைந்த போல்ட் போட வேண்டும். அப்படியே முடுக்கினால் புல்லி இறுகாது.

ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் வைத்து காற்றை இழுப்பதே நல்லது. முன்னால் வைத்துத் தள்ளினால் விசிறியே எதிர்க்காற்றுக்குத் தடையாக நிற்கும். சில இடங்களில் பிளாஸ்டிக் கட்டு நாடாவை ரேடியேட்டர் தகடுகளுக்குள் குத்திக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி அதிர அதிர அது குழாயை அறுத்து ஓட்டை போடும். நாங்கள் ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்து மாட்டினோம். காற்று சரியான திசையில் போகிறதா என்று பார்க்க ஒரு தாள் போதும். வண்டியின் முன்னால் ரேடியேட்டர் மேல் செய்தித்தாள் துண்டை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் வயர் மாறியிருக்கிறது.

வயரிங் வேலையில்தான் எனக்கும் முதல் எலக்ட்ரீஷியனுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் நல்ல மனிதர், கை வேகம். சாவி சுவிட்சிலிருந்து ஒரு வயரை எடுத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து நேராக விசிறிக்குக் கொடுத்துவிட்டு, "சுத்துது பாருங்க சார், முடிஞ்சிது" என்றார். சுற்றியது உண்மை. ஆனால் சுற்றிய சத்தத்தில் ஒரு தளர்ச்சி இருந்தது. மீட்டர் வைத்தேன். பாட்டரியில் 12.4 வோல்ட், விசிறி முனையில் 10.2. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. எங்கே போகும்? முப்பது வருஷத்துக்கும் பழைய சாவி சுவிட்சிலும், நூல் மாதிரி வயரிலும் சூடாக மாறுகிறது. சாவிக்குப் பின்னால் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. அந்த சுவிட்ச் இக்னிஷனுக்காகச் செய்தது, 8 ஆம்பியர் விசிறிக்காக அல்ல. ஒருநாள் அது கருகினால் விசிறி மட்டும் நிற்காது, வண்டியே நிற்கும்.

இதில் இன்னொரு குறும்பும் இருந்தது. விசிறி ஓடும்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே அணையவில்லை, ஒரு கணம் தயங்கி அணைந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே சின்ன டைனமோவாகி, அதே வயர் வழியாகப் பின்னோக்கி இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுக்கிறது.

ஆகவே ரிலே. இந்தச் சொல்லை எழுதும்போது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிரெஞ்சில் 'ரெலே' என்றால் முற்காலத்தில் தபால் வண்டிக்காரன் களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரைகளைப் பூட்டிக்கொள்ளும் இடம். தந்தி வந்த காலத்தில், தூரம் போய்க் களைத்த மின்சாரத்தின் வேலையைப் புது பாட்டரியின் மின்சாரம் எடுத்துக்கொள்ளச் செய்த கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இங்கேயும் அதேதான். மெல்லிய வயரில் வரும் சின்ன மின்சாரம் காந்தத்தை மட்டும் இழுக்கும். பாரத்தை இழுப்பது பாட்டரியிலிருந்து நேராக வரும் புதுக் குதிரை. எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால், அதிகாரி பேனாவால் ஒரு சுருக்கெழுத்துப் போடுகிறார், பீரோவைத் தூக்குவது வேறு ஆள்.

கார் ரிலேயில் நாலு கால் இருக்கும், நம்பர் போட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பாட்டரியிலிருந்து தடித்த வயர், 4 சதுர மில்லிமீட்டர். அந்த வயரில் பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பாற்றுவது விசிறியை அல்ல, வயரை. அதனால் அதைப் பாட்டரி பக்கத்தில்தான் வைக்க வேண்டும். விசிறி பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கேட்பாரில்லை, தீதான். 87 என்ற காலிலிருந்து விசிறிக்கு அதே தடித்த வயர். 86க்கு சாவியிலிருந்து மெல்லிய வயர். 85 என்ற கால் வெப்ப சுவிட்சுக்குப் போகிறது. தண்ணீர் சூடானதும் சுவிட்ச் அந்தக் காலை எர்த்தோடு சேர்க்கும், ரிலே 'டிக்' என்று இழுக்கும்.

எர்த் என்கிறோம், நாலு ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்கு பூமியோடு என்ன சம்பந்தம்? பிரெஞ்சில் 'மாஸ்' என்பார்கள். வண்டியின் இரும்புப் பிண்டம் மொத்தமும் என்று பொருள். அதுதான் நேர்மையான சொல் என்பது என் கட்சி. பழைய வண்டியில் பாதி மின் கோளாறு இந்த மாஸில்தான். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரிய வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்க வேண்டும். விசிறியின் எர்த் வயரை ரேடியேட்டரில் கட்டாதீர்கள். ரேடியேட்டர் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் தண்ணீர் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும், உள்ளே உலோகத்தை அரிக்கும். பாடிக்கே தனி வயர் கொடுத்தோம்.

வெப்ப சுவிட்சை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். மேல் டாங்கில் வைத்தால் தண்ணீர் கொஞ்சம் குறைந்ததும் சுவிட்ச் காற்றில் நிற்கும், கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடாது. கீழ் டாங்கில் வைத்தால் ஏற்கனவே ஆறிப்போன தண்ணீரைத்தான் பார்க்கும், அதற்குக் குறைந்த டிகிரி சுவிட்ச் தேட வேண்டும். கடைசியில் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, பாய் செய்து கொடுத்த பித்தளைக் குழாயை இரண்டு கிளிப் போட்டுச் செருகி, அதில் சுவிட்சைத் திருகினோம். சுவிட்ச் மேல் 92-87 என்று பொறித்திருக்கும். 92ல் போடும், 87ல் அணைக்கும். தெர்மோஸ்டாட் திறப்பது 82ல் என்பதால் இரண்டுக்கும் சண்டை வராது. தெர்மோஸ்டாட்டைவிடக் குறைந்த டிகிரியில் சுவிட்ச் வாங்கினால் விசிறி காலை முதல் மாலை வரை நிற்காமல் ஓடும். குழாய் இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸில் இருப்பதால் அதற்கு எர்த் கிடையாது. ஆகவே இரண்டு முனை உள்ள சுவிட்ச் வாங்கி, ஒரு முனையைப் பாடியில் கட்டினோம்.

டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கை சுவிட்சும் உண்டு. அதுவும் அதே 85ஆம் காலை எர்த்தோடு சேர்ப்பதுதான், வெப்ப சுவிட்சுக்கு இணையாக. ஆகவே வண்டிக்குள் வருவது மெல்லிய வயர் மட்டுமே. கேட் மூடுவதைத் தூரத்தில் பார்த்தாலே தட்டிவிடலாம். பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. மாருதி மாதிரி எஞ்சின் நின்ற பிறகும் ஓடும்படி வைக்கலாமே என்று கேட்டார்கள். பம்ப் நின்றுவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயே நிற்கும், விசிறி ரேடியேட்டரை மட்டும் ஆறவைத்து பாட்டரியைத் தின்னும். சாவியோடு அணைவதே என் வண்டிக்குப் போதும்.

இவ்வளவும் செய்தும் வேலை பாதிதான். மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இருக்கிறதே! எங்கள் பென்ஷன்காரர் வீட்டுக் கணக்கு மாதிரிதான். என் வண்டியின் டைனமோ நன்றாக ஓடும்போது 20 ஆம்பியர் சுமாருக்குக் கொடுக்கும். முகப்பு விளக்குக்கு 7 அல்லது 8, பின்விளக்கு வகையறாவுக்கு 2, இக்னிஷனுக்கு 3, மழை என்றால் வைப்பருக்கு 3. இதோடு விசிறிக்கு 8. கூட்டினால் வரவைவிடச் செலவு அதிகம். அதைவிட மோசம், எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. கேட்டில் நிற்கும்போதுதான் விசிறி வேண்டும், அப்போதுதான் வருமானம் பூஜ்யம். பாட்டரியிலிருந்து எடுத்துத்தான் செலவு செய்ய வேண்டும். பகலில் சமாளிக்கலாம். மழைக்கால மாலையில், டயாலிசிஸ் முடிந்து விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, இறங்கித் தள்ளுவது யார்?

ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தோம். அது மெதுவாக ஓடும்போதும் ஓரளவு கொடுக்கும். லேத் பட்டறையில் தாங்கி செய்து, புல்லி நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். கட்-அவுட் பெட்டிக்கு வேலை போயிற்று. அழகுக்காக அப்படியே விட்டிருக்கிறேன். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்துப் பரம்பரை வண்டிகள் சிலவற்றில் பழைய நாளில் பாசிட்டிவ் எர்த் இருந்தது. பாட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் உள்ளிருக்கும் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

இந்த வயரிங்கைச் செய்து கொடுத்தது முதல் எலக்ட்ரீஷியன் அல்ல, லாஸ்பேட்டையில் ஒரு இளைஞர். நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு ஒரு திருத்தம் சொன்னார்: ரிலேயை ரேடியேட்டர் பக்கம் வைக்காமல், மழைத் தண்ணீர் படாத மாதிரி பின்சுவரில், கால்கள் கீழே பார்க்க மாட்ட வேண்டும் என்று. நல்ல திருத்தம். படத்தில் சிவப்பு மையால் மாற்றி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டோம். அது இப்போது பிளாஸ்டிக் உறையில் கையுறைப் பெட்டிக்குள் இருக்கிறது. கோப்பு இல்லாத வேலை எனக்கு வேலையாகவே தெரியாது. கழற்றிய இரும்பு விசிறியையும் அதன் நீள போல்ட்டுகளையும் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். மோட்டார் ஒருநாள் கைவிட்டால், ஸ்பேனர் உள்ள யாரும் அரைமணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.

வேலை முடிந்த பிறகு விசிறி முனையில் அளந்தபோது பாட்டரிக்கும் அதற்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்தான். அடுத்த மே மாதம் ஏ.எஃப்.டி. கேட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றோம். முள் ஏறியது, 'டிக்' என்றது, பச்சை விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது. திரும்ப ஏறியது, திரும்ப இறங்கியது. கேட் திறக்கும்வரை நான் சாலையைப் பார்க்கவே இல்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முள்ளைப் பார்ப்பதில்லை. அவருக்குச் சத்தம்தான் கணக்கு. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாலும் விசிறி எப்போது கிளம்புகிறது, எப்போது நிற்கிறது என்று காதில் வைத்திருப்பார். போன சித்திரையில் மருத்துவமனை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"தம்பி, உன் காத்தாடி சத்தம் வரலியே?"

முள் 92ஐத் தாண்டியிருந்தது, பச்சை விளக்கு எரியவில்லை. கை சுவிட்சைத் தட்டினேன், 'டிக்' என்ற சத்தமும் இல்லை. ஓரங்கட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கையுறைப் பெட்டியிலிருந்து மாற்று ரிலேயை எடுத்துப் பழையதைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சாவியைத் திருகியதும் விசிறி கிளம்பியது.

"ம், வந்துடுச்சி" என்று தலையணையைச் சரிசெய்துகொண்டு, "போலாம்" என்றார்.